திம்மராய சுவாமி மலையில் மூன்றாம் சுற்று

சனிக்கிழமை தவறாமல் பஜனைக்கு வரும் அன்பர்களே, ஒரு புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, நம் திம்மராய சுவாமி மலையடியில், நாலைந்து தென்னை உயரத்தில், நானும் என் ஒரே மகனும் சாவை நேருக்கு நேர் பார்த்தோம். அந்தச் சாவை வலியக் கூப்பிட்டவள் நான்தான். அதை மறைத்துவிட்டு சாமியின் பெருமையை மட்டும் பேசினால் என் வாய் அழுகிப் போகும்.

என் பெயர் ராஜம்மா. சூளகிரிப் பக்கம் மாந்தோப்பும் ராகிக் காடும் உள்ள குடும்பம். என் மகன் சீனிவாசன் பெங்களூரில் படித்தான். படிப்பு முடிந்ததும் தோப்புக்கு வருவான் என்று என் வீட்டுக்காரர் காத்திருந்தார். அவனோ அங்கேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கிளப்பில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்று இவர் என்னிடம் சொல்வார். "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்று அவனும் என்னிடம் சொல்வான். மூவரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்போம்.

சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆடி மாதம் சீனிவாசன் முதல் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கினான். இன்னும் மாணவன்தான், ஆனால் ஒரு ஆளைக் கூட ஏற்றிக்கொண்டு பறக்கலாம். "அம்மா, நம்ம ஊர மேலேர்ந்து காட்டறேன், வா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலம் ஜில்லாவிலேயே இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று சந்தை சந்தையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாள் குறித்தவளும் நான்தான். மூன்றாம் சனிக்கிழமை சுற்றுவட்டார ஜனம் மொத்தமும் மலைக்கு வந்திருக்கும். எல்லோரும் என் பிள்ளையைப் பார்க்கட்டுமே என்ற ஆசை. என் வீட்டுக்காரரும் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார், ஆனால் விமானத்தைப் பார்க்க வரவில்லை என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

காலையில் பெங்களூர் கிளப்பிலிருந்து கிளம்பினோம். சின்ன விமானம். ரெக்கையெல்லாம் துணி. மேலே கூரை கிடையாது. முன் குழியில் நான், பின் குழியில் அவன். நடுவில் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். களை எடுக்கப் போகும்போது கட்டுகிற மாதிரி புடவையை வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். மழை மட்டும் வராதே சாமி என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டே இருந்தேன்.

என்ன அழகு! ஓசூர் ஏரி தெரிந்தது, மலைக்கோயில் தெரிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் வரிசை வரிசையாக வந்தன. செம்மண்ணும் பச்சை ராகிக் காடும் கட்டம் கட்டமாகக் கிடந்தன. எங்கள் தோப்பு ஒரு முறம் அளவுதான் இருந்தது. அதற்காகவா இத்தனை வருஷம் பங்காளிகளோடு சண்டை போட்டோம் என்று சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. பெற்ற வயிறு குளிர்ந்துபோனது.

திம்மராய சுவாமி மலை வந்ததும் குழாயில் சொன்னேன். "மலைய மூணு சுத்து சுத்துடா. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது."

"சரிம்மா."

"கோபுரத்துக்கு மேல போவாத. சாமி தலைக்கு மேல நாம போனா அடுக்குமா? எறங்கி, கீழாலயே சுத்து."

"மலைய விடக் கீழ போனா பின்பக்கம் காத்து அமுக்கும்மா. வாத்தியார் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான்.

"ஒங்க வாத்தியாருக்கு நம்ம சாமியத் தெரியுமா?" என்று ஒரே போடாகப் போட்டேன். விமானம் இறங்கியது.

முதல் சுற்றில் மலை உச்சியில் நின்றவர்கள் எங்களைக் குனிந்து பார்த்தார்கள். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் "கோவிந்தா" என்று கை தூக்கினார்கள். இரண்டாம் சுற்றும் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் சுற்றில் மலையின் பின்பக்கம் போனபோது யாரோ மேலிருந்து கையை வைத்து அமுக்கினாற்போல் விமானம் சரசரவென்று இறங்கியது. கீழே இருந்த மாந்தோப்பு எழும்பி வந்தது. படாரென்று ஒரு சத்தம். என் மடியெல்லாம் இலை. விமானம் குளிர் ஜுரம் வந்தவன் போல் உதறியது.

"அம்மா, முன்னால சுத்தற விசிறி முனை ஒடஞ்சிருச்சு. ரொம்ப நேரம் தாங்காது. மந்தையில எறக்கறேன், கெட்டியா புடிச்சிக்கோ." அவன் குரலில் நடுக்கம் இல்லை.

மந்தை என்பது மலையடியில் மாடு மேய்கிற வெட்டவெளி. மற்ற எல்லா இடத்திலும் ராகி நின்றது, மரம் நின்றது, பாறை நின்றது. அது ஒன்றுதான் சமமான இடம். மந்தைக்கு நேராக வந்தோம். விலகுங்கள் என்று சீனிவாசன் கையை வீசினான். நானும் துண்டை அவிழ்த்து வீசினேன். ஐயோ, அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாங்கள் வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துப் பதிலுக்குக் கை வீசினார்கள். புளியமரத்தடியில் நின்றவர்கள்கூட நடு மந்தைக்கு ஓடி வந்தார்கள். கைக்குழந்தையை உயரத் தூக்கி எங்களைக் காட்டினாள் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். விமானத்தைப் பார்க்கமாட்டேன் என்றவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

தலைகளுக்கு மேலே உரசாத குறையாகக் கடந்தோம். உதறல் அதிகமானது.

"அம்மா, ஜனங்க மேல எறக்க மாட்டேன். பாறைப் பக்கம் திருப்பறேன்."

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெறும் கருங்கல். ஆடுகூட அங்கே பார்த்துத்தான் கால் வைக்கும். என் பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. ஆனாலும் குழாயைப் பிடித்து, "திருப்புடா கண்ணு" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

திருப்பினான்.

நான் கண்ணை மூடினேன். "திம்மராயா, தப்பு என்னுது. புள்ள மேல ஒண்ணும் இல்ல. என்னை எடுத்துக்க, அவன விட்டுடு" என்று கதறினேன். அப்போதும் பேரம்தான் பேசினேன், பாருங்கள். பிறகு அதுவும் வரவில்லை. கோவிந்தா, கோவிந்தா என்பது மட்டும்தான் வந்தது.

முகத்தில் கல் விழுந்தது போல் ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தேன். மழை. தூறல் இல்லை, சாரல் இல்லை. அண்டாவைக் கவிழ்த்தது போல் ஒரே கொட்டு. கீழே பார்த்தேன். குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு அந்தப் பெண் ஓடினாள். ஜனம் மொத்தமும் புளியமரத்தடிக்கும் கல்மண்டபத்துக்கும் ஓடியது. நான் வாய் திறப்பதற்குள் சீனிவாசன் பாறைக்கு முன்னாலேயே விமானத்தை வளைத்துவிட்டான். மந்தையில் ஒரு ஆள் இல்லை. எந்த மழையை வராதே வராதே என்று விரட்டினேனோ, அதைத்தான் அனுப்பினார் சுவாமி.

சக்கரம் தரையில் பட்டது, எகிறியது, மறுபடி பட்டது. ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே போய், அவிழ்த்துவிட்ட வண்டிகளுக்கு இந்தப் பக்கம் நின்றது. விசிறி முனையைத் தவிர வேறு ஒரு குச்சி உடையவில்லை.

சீனிவாசன் குதித்து இறங்கினான். என்னைக்கூடப் பார்க்கவில்லை. ஜனங்களைப் பார்த்து, "யாருக்காச்சும் அடி பட்டுச்சா?" என்று கத்தினான். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, என்னைக் கைபிடித்து இறக்கினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மகன் தலையைத் துவட்டினார். துண்டும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருந்தது.

"பயந்துட்டியாடா?"

"ஆமாப்பா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிய பேச்சு இவ்வளவுதான். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அந்தக் குழந்தைக்காரி வந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, குழந்தையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள் என்று சீனிவாசன் கையில் கொடுத்தாள். ஆகாயத்திலிருந்து வந்த கை பட்டால் நல்லது என்று நினைத்தாளோ என்னவோ. அவன் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். எதற்காக என் பிள்ளை பாறைப் பக்கம் திரும்பினான் என்று அவளுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் என்னைத் தனியாகக் கேட்டார். "மழ வராட்டி என்னா பண்ணியிருப்பான்?" சொன்னேன். பெரிய மனுஷன், ஈரத் தரையென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சீனிவாசன் தானாகவே கிளப்புக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். நானும் கூடவே போய், "எல்லாம் என்னால வந்த வினை சாமி" என்று வாத்தியாரிடம் அழுதேன். அவர் கன்னடத்தில், "ஓட்டினது யாரம்மா?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றான் என் மகன். இரண்டு மாதம் விமானத்தைத் தொடக்கூடாது என்றார்கள். தலை வணங்கி ஏற்றுக்கொண்டான். பிறகு பெரிய பரீட்சையும் தேறினான். இன்று மனுஷர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவன் யார் என்று தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நான் சாமிக்கு உத்தரவு போடுவதில்லை. இதைத் தா, இதைத் தராதே என்று கேட்பதில்லை. மூன்றாம் சனிக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறி, மழை வந்தால் நனைந்து, வெயில் அடித்தால் காய்ந்து, கோவிந்தா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

உங்களில் நோயோடு வந்தவர் இருப்பீர்கள், பிள்ளையை நினைத்து ஏங்கி வந்தவர் இருப்பீர்கள். தப்பு செய்தவள் கூப்பிட்டாலும் வருகிறவர் திம்மராய சுவாமி. வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். மழையை அனுப்பியது சுவாமி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மழை வருமென்று என் பிள்ளைக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் அவன் பாறைப் பக்கம் திருப்பினான். அப்படி ஒரு பிள்ளையை எனக்குக் கொடுத்ததற்குத்தான் நான் முதலில் சுவாமிக்கு நன்றி சொல்கிறேன்.