தேனீ வேலை

விளாத்திகுளம் சாலையில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. இறங்கி, ஓரத்துச் சூரியகாந்திப் புஞ்சையைப் பார்க்கிறேன். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட ஒரு பெண், கையில் வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவின் முகத்தையும் துடைத்தபடி வருகிறார். தூசியா துடைக்கிறார்? கேட்டே விடுகிறேன்.

“தொடைக்கல அண்ணாச்சி, தடவுதேன். இந்தப் பூவுப் பொடி அந்தப் பூவுல ஒட்டணும். இல்லன்னா விதையெல்லாம் வெறும் சக்கதான்.”

“அது தேனீ செய்யிற வேலையாச்சே?”

“பக்கத்துப் பருத்திக்கு மருந்தடிச்சாவ. அதுலேருந்து ஒண்ணக்கூடக் காணோம். ரெண்டு ஏக்கருக்கும் நாந்தான் தேனீ.”

துணியை வாங்கி என் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பூவைத் தடவிப் பார்க்கிறேன்.

“அமுக்காதீய, கழுத்து ஒடிஞ்சிரும்.”

நாலாவது பூவைத் தடவுவதற்குள் துணி இன்னும் மஞ்சளாகிவிடுகிறது. டயர் மாட்டியாயிற்று, கண்டக்டர் விசில் ஊதுகிறார். துணியை அவிழ்க்கப் போகிறேன். எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து அதன்மேல் உட்காருகிறது.

அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிடுகிறது. “அசையாதீய அண்ணாச்சி. கைய மெதுவாப் பூவுகிட்ட கொண்டுபோங்க.”

கொண்டுபோகிறேன். தேனீ இறங்கவில்லை. இரண்டாவது விசில் கேட்கிறது. பேருந்து போனால் போகட்டும்.