கணினியில் ஆறிய கைகள்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் இணையதள வடிவமைப்பு அலுவலகத்துக்கு, சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையிலிருந்து வேலை வந்தது. தொழிலாளர்களுக்கு வரும் தோல் நோய் பற்றி ஒரு விழிப்புணர்வுப் பக்கம் வேண்டுமாம். வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் கேட்டதால்தான் இந்த அக்கறை என்று அப்போது எனக்குத் தெரியாது. நல்ல காரியம் என்று நம்பி கேமராவோடு போனேன்.

பழம் நறுக்கும் கூடத்தில் தரையெல்லாம் ஈரம். கங்காதர நெல்லூரிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா கைகளை நீட்டினார். விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தன. நகங்கள் கறுத்து, ஒன்று பாதி பெயர்ந்திருந்தது. மாம்பால் பட்ட இடமெல்லாம் சுட்ட புண்போல இருந்தது.

"கொயம்பு ஊத்திப் பிசைஞ்சா உயிரு போவுதும்மா. ஸ்பூன்லதான் துன்றேன்."

"கிளவுஸ் தரலையாக்கா?"

"கேட்டுக்கினுதான் கீறோம். என் கையப் போடும்மா. மொகத்த மட்டும் போட்டுடாத, வேல போயிடும்."

படத்தைத் திரையில் பார்த்ததும் தொழிற்சாலை மேனேஜர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "ச்சீ, தீசேய் அம்மா" என்றார். எடுத்துவிடச் சொல்கிறார். இதைப் பார்த்தால் எவன் ஜூஸ் குடிப்பான் என்று கேட்டார். கையைச் சுத்தமாக்கிப் போடலாம் என்றார் என் முதலாளி.

நான்தான் செய்தேன். எழுதவே கூசுகிறது. வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். நகங்களுக்கு இளஞ்சிவப்பு கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். பக்கம் வெளியானது. தோல் வெடித்தால், நகம் கறுத்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் வாசகம். அதற்கு மேலே சோப்பு விளம்பரத்துக்கு ஏற்ற ஒரு ஜோடிக் கை.

சொன்னபடி அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"யார் கைம்மா அது?"

"உங்களுதுதான்க்கா."

"எங்க வூட்டுக்காரருகிட்ட காட்டனேன். உனுக்கு இன்னாடி நோவுன்னு கேக்குறாரு."

அன்றே அக்காவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, திருத்தாத படத்தை வைத்து வேறொரு பக்கம் செய்தேன். போனில் சட்டென்று திறக்கும்படி, தமிழிலும் தெலுங்கிலும் நாலு வரி. தொழிற்சாலைப் பெண்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. மற்றப் பெண்களும் தங்கள் கைகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். முகமில்லாத கைகள். எல்லாவற்றையும் ஏற்றினேன். சிலர் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈரத்தில் நின்று செய்யும் வேலையால் வந்தது என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்த அன்று எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்தார்களாம். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து ஒவ்வொருவரிடமும் கழற்றி வாங்கிக்கொண்டார். கூடை நிறையக் கையுறைகள் கிடக்கும் படத்தை அக்கா எனக்கு அனுப்பினார்.

"இதையும் போடும்மா" என்றார்.

போட்டேன்.