லேப்டாப்புக்கு எண்ணெய் போட்ட ஜெயசிங்

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் கம்பி வடங்களுக்கு கிரீஸ் பூசுகிற வேலை ஜெயசிங்குக்கு. இருபத்திரண்டு வருஷமாகப் பூசுகிறார். ஒருமுறை காய்ச்சலுக்கு இவருக்கு ஊசி போட்ட நர்ஸ், கை துடைக்கப் பழந்துணி கேட்டாளாம். ரத்தத்தில் பாதி கிரீஸ் என்று எங்கள் தெருவில் பேச்சு.

எங்கள் உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. ஈஸ்டருக்கு மாட்டின கேட் கிறிஸ்துமஸுக்குள் கருவாடாக உதிர்ந்துவிடும். அதனால் எல்லார் வீட்டிலும் எண்ணெய்த் துணி ஒன்று கிடக்கும். ஜெயசிங் வீட்டில் அது குடும்ப உறுப்பினர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தையல் மிஷின் எண்ணெய் பாட்டிலோடு புறப்படுவார். கேட், பைக் செயின், அரிவாள்மணை, கத்தரிக்கோல், டிரங்குப் பெட்டி என ஒன்றும் தப்பாது. மனைவி இன்பமணி ஒரு சனிக்கிழமை முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, இவர் பாட்டிலோடு வருவதைப் பார்த்து எழுந்து ஓடியிருக்கிறாள்.

ஐம்பது வயதில் ஆம்பிளைகளுக்குச் சர்க்கரை வரும். இவருக்கு கார் ரேஸ் வந்தது. கேம் ஆடுவதற்கென்றே பெரிய லேப்டாப் ஒன்று வாங்கினார். ஆறே மாதத்தில், ஹார்பரில் பைக்கை இருபதுக்கு மேல் ஓட்டாத மனுஷன் திரையில் முந்நூறு கிலோமீட்டரில் பறந்தார்.

வினை நாசரேத்தில் பிடித்தது. அந்த ஊர்க் கோயில் அசன விருந்தில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, இன்பமணியின் தம்பி, சாத்தான்குளத்து வாத்தியார் பெவின் சாம்பார் வாளியோடு வந்து நின்றான்.

"அத்தான், கேம்ல நீங்க காரை ஓட்டுதியளா, உருட்டுதியளா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. ஜெயசிங் இலையை விட்டுக் கையை எடுத்தார்.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழம ரேஸ் வைப்போம்லே. தோத்தவன் மீசைய எடுக்கணும்."

பெவினுக்கு இருந்தது பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மீசை. போனால் கண்ணாடியே கவனிக்காது. ஜெயசிங் மீசை அப்படியா? ஹார்பர் காக்கா ஒன்று அதில் உட்கார்ந்து இளைப்பாறிப் போனதை நானே பார்த்தேன். துறைமுக கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டையைப் பார்ப்பதில்லை, மீசையைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறான்.

ரேஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லேப்டாப் படுத்தது. காரைக் கிளப்பினால், புருஷன் வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி நின்று நின்று போனது. பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு காப்பி குடித்து வந்தால் வண்டி திரும்பும். அடிப்பக்கம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இன்டர்நெட்தான் மந்தம் என்று ஒருவர் சொல்ல, மோடத்தைத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தார். கூட வேலை பார்க்கும் ஆன்டனி, லோடு ஜாஸ்தியாக இருக்கும் என்றான். கப்பலில் சரக்கு இறக்குகிற வேகத்தில், லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்த கல்யாண போட்டோ முழுவதையும் அழித்தார். இன்பமணி இரண்டு நாள் பேசவில்லை. அது ஒன்றுதான் லாபம். கார் அப்படியேதான் ஊர்ந்தது.

சளைக்காமல் அந்த ஊர்கிற காரிலேயே பழகினார். வளைவு வருமுன்னே, பழையகாயலில் இருக்கும்போதே திருச்செந்தூருக்குத் திருப்புகிற மாதிரி, பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டார். விரல் அதற்கே பழகிவிட்டது.

ரேஸுக்கு முந்தின நாள் லேப்டாப் மொத்தமாக அணைந்தது. அதைப் பச்சைப் பிள்ளை மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஷீஜா கடைக்கு ஓடினார். லேப்டாப் பழுது பார்க்கிற பெண். மூடியைக் கழற்றியவள் மேஜை விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை இருந்தது.

"அண்ணாச்சி, இதுக்குள்ள என்னத்த ஊத்துனிய?"

"எண்ணெய்தான் தாயி. இந்த ஓட்டை வழியா சனிக்கிழம தோறும் ரெண்டு சொட்டு. துருப்பிடிக்கக் கூடாதுல்லா."

"மெதுவாப் போக ஆரம்பிச்ச பொறவு?"

"தெனமும் நாலு சொட்டு."

ஷீஜா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஓட்டை சூடு வெளியே போவதற்கு. எண்ணெயில் தெருப்புழுதியும் உப்பளத் தூசியும் அப்பி வழியை அடைத்துவிட்டன. உள்ளே வெந்துபோகாமல் இருக்க லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இவர் மெதுவாகிறதே என்று இன்னும் ஊற்றினார். இதையெல்லாம் அவள் விளக்கிவிட்டுக் கேட்டாள்:

"கடுகு கருவேப்பிலைய மட்டும் எதுக்கு விட்டிய?"

ஞாயிறு மத்தியானம்தான் சுத்தம் செய்து கொடுத்தாள். மூன்று மணிக்கு ரேஸ். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பெவின் சாத்தான்குளத்திலிருந்து ஆடினான். இரண்டு குடும்பமும் வீடியோ காலில் சாட்சி.

கொடி அசைந்தது. லேப்டாப் ராக்கெட்டாகக் கிளம்பியது. புயல் வேகம், சூடே இல்லை. ஜெயசிங் முகத்தில் வெளிச்சம். முதல் வளைவு தூரத்தில் தெரிந்ததுமே, பழகின விரல் பொத்தானை அமுக்கியது. இந்தத் தடவை கார் காப்பி குடிக்கப் போகவில்லை. அமுக்கின நொடியில் திரும்பி, வேலியை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. காரைத் தூக்கி மறுபடி ரோட்டில் நிறுத்தி வைத்தது கேம். மறுபடி கடல். எட்டு வளைவு, எட்டுக் குளியல். ஒன்பதாவது வருமுன் பெவின் முடித்துவிட்டான்.

"அத்தான், ரேஸ் ஓட்டச் சொன்னா முத்துக் குளிக்கப் போயிட்டியள?" என்றான்.

லேப்டாப்பைக் குறை சொல்ல வழியில்லை. அது அன்றைக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்து தொலைத்திருந்தது. ஜெயசிங் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சலூன் கிடையாது, கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த சவரக்கத்திதான் வீட்டில் இருக்கிறது, அது இருபத்தி நாலு வருஷத்தில் துருவேறிப் பொடியாகியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

கல்யாண போட்டோவை இழந்த இன்பமணி எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறந்தது. சத்தமே கேட்கவில்லை, கீலில் அவ்வளவு எண்ணெய். சவரக்கத்தியைக் கொண்டு வந்து கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை தோறும் அவர் கையாலேயே எண்ணெய் கண்ட கத்தி. ஒரு பொட்டுத் துரு இல்லை. அதில் ஜெயசிங்கின் மீசை, கடைசித் தடவையாக, இரண்டு முனையும் தெளிவாகத் தெரிந்தது.