நாள் சொல்லாத பஸ்மிலா

கல்முனை நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் சொத்துப் பத்திரம் எழுதும் லோயர், நொத்தாரிசு நளீமின் கந்தோர் இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே காணி, வீட்டு உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சுச் செய்கிறவர் பஸ்மிலா. ஆனால் அவருடைய பெரிய வேலை தட்டச்சு அல்ல. வீடு வாங்க வருகிறவர்களுக்கும் விற்க வருகிறவர்களுக்கும் லோயரால் எது முடியும், எது முடியாது என்று முதல் நாளே சொல்லி வைப்பதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மருதமுனைக் குடும்பம் ஒன்று உறுதி எப்போது முடியும் என்று கேட்டது. திங்கட்கிழமை முடிந்துவிடும் என்று பஸ்மிலா சொல்லிவிட்டார். நளீம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. விற்பவரின் தம்பி கொழும்பிலிருந்து வந்து கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது, அவர் வரவில்லை. அது தெரியாத குடும்பம் கட்டிலையும் அலுமாரியையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிய வீட்டுக்கு முன்னால் மழையில் நின்றது. அந்தக் குடும்பத்துப் பெண் கந்தோருக்கு வந்தாள். ஏசவில்லை. "நீங்க சொன்னீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு பஸ்மிலா யாருக்கும் நாள் சொன்னதில்லை. யாரிடமிருந்து என்ன வரவேண்டியிருக்கிறது என்பதைச் சொல்வார். வியாழக்கிழமைகளில் தானே போன் எடுப்பார். புதிதாக ஒன்றும் நடக்கவில்லையென்றால், நடக்கவில்லை என்பதைச் சொல்வதற்காக எடுப்பார்.

சென்ற வருடம் பளீல் வந்தார். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் இயந்திரம் திருத்துகிறவர். மகள் நஜ்லாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான். அவளுக்கென்று சாய்ந்தமருதில் ஒரு வீடு பேசியிருந்தார்.

"தங்கச்சி, விலையெல்லாம் பேசி முடிஞ்சி. நளீம் சேர் ஒரு கையெழுத்துப் போட்டாச் சரிதானே? ரெண்டு நாள் காணுமா?"

"பளீல் காக்கா, கையெழுத்து கடைசி வேல. அதுக்கு முன்ன பதிவகத்துல பழைய ஏடெல்லாம் பாக்கணும். அதுல என்ன இரிக்கிண்டு எனக்கும் தெரியா, சேருக்கும் தெரியா. மாப்பிள வீட்டாருக்கு நாள் குடுத்துராதீங்க."

பளீல் ஏற்கெனவே நாள் கொடுத்துவிட்டிருந்தார்.

ஏட்டைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. வீட்டை விற்கும் சபூறாவுக்கு அதை எழுதிக் கொடுத்தவர் அவருடைய வாப்பா பக்கீர் முகைதீன். எழுதும்போது, தான் உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கும் உரிமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். இப்போது நிந்தவூரில் இளைய மகளோடு இருக்கிறார். அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்காமல் உறுதி முடிக்க முடியாது என்றார் நளீம்.

பளீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "லோயர் நினைச்சா செய்யலாந்தானே! அதுக்குத்தானே உங்களுட்ட வந்த."

"சேர் எழுதலாம் காக்கா. எழுதினாப் போல அவர்ட உரிம இல்லாமப் போகாது. நாளைக்கி அவர் வந்து நஜ்லாட வீட்டுல இருந்தாரெண்டா, உங்களால எழும்பச் சொல்ல ஏலாது."

வீட்டைப் பேசிவிட்ட தரகர் பளீலை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். வேறொரு நொத்தாரிசு ஒரே நாளில் முடித்துத் தருவாராம். பளீல் உள்ளே வந்து பத்திரங்களைக் கேட்டார். பஸ்மிலா மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்த நொத்தாரிசு என்னத்துல கையெழுத்து வைக்கச் சொன்னாலும் வாசிச்சிட்டு வைங்க" என்றார்.

நான்காம் நாள் பளீல் திரும்பி வந்தார். கையில் அந்த மற்ற நொத்தாரிசு கொடுத்த ஒரு தாள். ஏடு பார்க்க வேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டேன், பின்னால் வரும் சிக்கலுக்கு நானே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"ஆலையில மெசின் ஓட முந்தி நான் நட்டெல்லாம் பாப்பன். இதப் பாக்காமக் கையெழுத்து வைக்கச் சொல்றாங்க தங்கச்சி" என்றபடி உட்கார்ந்தார். பஸ்மிலா பிளேன்டீ வரவழைத்தார்.

அடுத்து சபூறாவைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் உண்மை வந்தது. கணவரின் வேலைக்காக அவர்கள் குருநாகலுக்குக் குடிபோகப் போகிறார்கள். வீட்டை விற்கும் கதையைச் சபூறா வாப்பாவிடம் சொல்லவேயில்லை.

"நீங்க சேரப் போய்க் கதைக்கச் சொல்லுங்க பஸ்மிலா ராத்தா. அவர் சொன்னா வாப்பா கேப்பாரு."

"அது சேர்ட வேல இல்ல புள்ள. உங்கட வாப்பாட்ட நீங்கதான் கதைக்கணும். கதைச்சி, அவரு சம்மதிச்சாத்தான் மறுகா எங்கட வேல."

சபூறா ஒரு கிழமை இழுத்தடித்தார். பிறகு நிந்தவூருக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று கந்தோரில் யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கீர் முகைதீன் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இதற்கிடையில் நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. வீடு பிந்தும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பளீல் நேரில் போய்ச் சொன்னார். பிந்தினாலும் சுத்தமான உறுதியாக வரட்டும் என்று அவர்கள் சொன்னபோது, இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று அவருக்கே விளங்கவில்லை. புதுத் தம்பதி மாமி வீட்டில் இருந்தார்கள்.

நிக்காஹ் முடிந்து பதினொரு நாள் கழித்துப் பக்கீர் முகைதீன் மகள் சபூறாவின் கையைப் பிடித்தபடி கந்தோர்ப் படியேறி வந்தார். "வீடு விக்கிற கதைய நான் தரகர் சொல்லித்தான் கேள்விப்பட்ட. இவ வந்து கேக்கட்டுமெண்டுதான் இரிந்த" என்றார். சபூறா தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் கோபமாக இல்லை. உறுதியை வாசிக்கச் சொன்னார். நளீம் வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கிழக்கெல்லைக் காணிக்காரரின் பெயரைக் கேட்டதும், "அவர் மௌத்தாகி ஆறு வருஷம். இப்ப மகன்ட வளவு அது" என்று திருத்தினார். பஸ்மிலா அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டிக் கொடுத்தார். பெரியவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

இரண்டு வாரம் சென்று, ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நஜ்லா பஸ்மிலாவைத் தன் புது வீட்டுக்குக் கூப்பிட்டாள். எத்தனையோ வீடுகளின் நாலு எல்லைகளையும் எழுதியிருந்த பஸ்மிலா, அவற்றில் ஒன்றுக்குள்ளும் அதுவரை போனதில்லை. நஜ்லா குசினியைக் காட்டினாள், கிணற்றைக் காட்டினாள். பின்கதவைத் திறந்தபோது கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து திரைச்சீலைகளைத் தூக்கியது. கிழக்குப் பக்கத்து மதிலோரம் ஒரு மாதுளங்கன்று நின்றது.

"இது உறுதியில இல்லயே" என்று பஸ்மிலா சிரித்தார்.

"வாப்பா நேத்துத்தான் நட்ட ராத்தா" என்றாள் நஜ்லா.