அதே பெயரில் ஏழு பேர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜூனியர் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். இன்டர்வியூவில், "டேட்டாபேஸ் தெரியுமா?" என்று கேட்டபோது, "ஓரளவு தெரியுங்க சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். பிரிண்டர், நெட்வொர்க், பாஸ்வேர்டு என்றே வேலை ஓடியதால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பதிவு கவுன்ட்டர் அக்கா, "தம்பி, ஒரே பேரு ரெண்டு மூணா வருது, எதைத் தொடறதுன்னே தெரியலப்பா" என்று அலுத்துக்கொண்டார். விடுவேனா? பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை தட்டினேன். பட்டியல் பளிச்சென்று ஆனது. ஜம்மென்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், வத்தல்மலையிலிருந்து வந்த ஓர் அம்மா கவுன்ட்டரில் நிற்கிறார். காலில் சீழ் வைத்த புண், நல்ல காய்ச்சல்.

"இந்தப் பேருல ஒருத்தர்தான் வராங்க, வயசு இருபத்தாறுன்னு. நீங்க சிஸ்டத்துல இல்லீங்களே" என்கிறார் அக்கா.

"இந்தா, இங்கதானே நிக்கறனுங்க! போன வருசம் ஒரு ஊசி போட்டு மூஞ்செல்லாம் வீங்கி மூச்சு முட்டிப்போச்சு. அது என்ன ஊசின்னு அதுலதானே எழுதி வெச்சீங்க?"

அப்போதுதான் புரிந்தது. அவர் பெயரோடு அந்தக் குறிப்பையும் சேர்த்து அழித்திருந்தேன். எந்த மருந்து என்று தெரியாமல் ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கப் தினமும் தானாக ஓடுகிறது என்று தெரியும்; அதிலிருந்து திரும்ப எடுப்பது எப்படி என்று சத்தியமாகத் தெரியாது. மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் திட்டவில்லை. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, தட்டினேன். அந்த முக்கால் மணி நேரமும் அந்த அம்மா காய்ச்சலோடு பெஞ்சில் சுருண்டு கிடந்தார்.

மருந்தின் பெயர் கிடைத்தது. அதை விட்டு வேறு ஊசி போட்டார்கள். அவரிடம் போய், "தப்பு என்னோடதுங்கம்மா" என்றேன்.

"எங்கூர்ல வூட்டுக்கு வூடு சாமி பேருதான் வெப்போம். என் பேருல மட்டும் ஏழு பேரு இருக்கறோம், அதுல ரெண்டு மூணு பேருக்குப் புருசன் பேரும் ஒண்ணுதான். நீ என்னத்தக் கண்ட, உடு சாமி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவின் பெயரும் அதேதான். எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்று தெரிந்தவன்தான் அழித்தேன்.

டேட்டாபேஸ் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். அழிக்கும் முன் அது யார் யார் என்று எடுத்துப் பார்க்கவும், அழித்தால் திரும்பக் கொண்டுவரவும் கட்டாயம் தெரிய வேண்டும் என்பேன். ஆனாலும் இன்றைக்கும் டெலீட் என்று தட்டப் போகும்போது, "இங்கதானே நிக்கறனுங்க" என்ற அந்தக் குரல் கேட்டு, கையை ஒருமுறை பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.