தெர்பைல எறங்கறவங்க எறங்குங்க

ஆவடிக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற வேம்புலிக்கு நாற்பத்தைந்து வயதில் பரீட்சை ஜுரம். நாளை ஞாயிற்றுக்கிழமை. பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள், பதிமூன்றாம் அதிகாரமும் பதினான்காம் அதிகாரமும். பவுல் முதல் தடவை இயேசுவைப் பற்றிச் சொல்லும் ஊழியத்துக்குக் கிளம்பி எந்தெந்த ஊருக்குப் போனார் என்று வரிசை தவறாமல் எழுத வேண்டும்.

பரீட்சை கிடக்கட்டும், கழுதை. பூ வாங்கக் குமணன்சாவடிக்குப் போகவென்று முன்சீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி விஜிக்கு இந்தப் படிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதுதான் பெரிய கவலை.

எட்டு மாதத்துக்கு முன்னால் இளங்கோ என்கிற வாடிக்கைப் பயணி, செந்நீர்குப்பத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் வேத வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். என்னதான் சொல்கிறார்கள், கேட்போமே என்று போனவன்தான். அங்கே சொன்ன கதையில் லீஸ்திரா ஊர்க்காரர்கள் பவுலைத் தெய்வமென்று மாலையோடு ஓடி வருகிறார்கள். எவனோ வந்து தூண்டிவிட்டதும் அதே ஜனம் கல்லெறிந்து, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறது. அடிபட்ட மனுஷன் எழுந்து எங்கே போனான்? அதே ஊருக்குள்ளே! அடேயப்பா, என்ன தில்லு! அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானமானால் "சவாரி கீது" என்று வீட்டில் புளுகிவிட்டு வகுப்புக்கு ஓடினான்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். விஜியின் அண்ணன் ஜெகதீசன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவன், பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கக்கூட வரவில்லை. கருமாதியன்று விஜி எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நம்மூட்ல இன்னொருத்தரு இப்டி பண்ணா, அத்தோட அவங்க யாரோ, நான் யாரோ." சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க வேம்புலியால் ஆகாது.

ஊர்ப் பெயர்கள் மண்டையில் நிற்க ஒரு வழி செய்திருந்தான். ஸ்டாப்பிங்குக்கு ஒரு பெயர். பருத்திப்பட்டு அந்தியோகியா, செந்நீர்குப்பம் இக்கோனியா, கரையான்சாவடி லீஸ்திரா, குமணன்சாவடி தெர்பை. ஓட்டும்போதெல்லாம் இதே ஜபம். இன்றைக்கு விஜி பக்கத்தில் இருக்கிறாளே, வாய் தவறக்கூடாதே என்று பயந்து பயந்தே வந்தான். பயந்தால் நடக்காமல் இருக்குமா? குமணன்சாவடியில் பிரேக் போட்டதும் பழக்கத்தில் முழங்கிவிட்டான்.

"தெர்பை, தெர்பை! தெர்பைல எறங்கறவங்க எறங்குங்க!"

"இன்னா நைனா, எங்க இட்டுகினு வந்துட்ட?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்க, வண்டியே சிரித்தது. விஜி சிரிக்கவில்லை. எல்லாரும் இறங்கும் வரை பொறுத்திருந்தாள்.

"இன்னாய்யா அது, தெர்பை?"

பொய் தொண்டை வரை வந்தது. எட்டு மாதமாகப் புளுகிய வாய்க்கு இன்றைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தப் பவுலுக்குப் பொண்டாட்டி கீறாளா?"

"இல்லன்னுதான் சொல்றாங்க."

"அப்போ அவரு யார்கிட்டயும் சொல்லாம போலாம். சாமி மாத்திகினான்றதுக்கா எங்கண்ணன் மேல எனுக்குக் கோவம்? கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனான்யா. இப்போ நீயும்."

"விஜி, நான் எங்கயும் போவல. படிக்கத்தான்..."

அவள் இறங்கிப் போய்விட்டாள். பூக்கடைப் பக்கம் போகவில்லை, கூட்டத்தில் எங்கேயோ மறைந்தாள். வேம்புலி "ஆவடி, ஆவடி" என்று கூவினான். முன்சீட்டில் ஏற வந்த இரண்டு பேரை, ஆள் வருது என்று விரட்டினான். வருவாளா? பஸ் பிடித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டால்? கழுத்தை நீட்டிக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கால்மணி நேரம் கழித்து வந்தாள். அப்பாடா என்று முன்சீட்டைத் துடைத்துவிட்டான். அவள் அதைத் தாண்டிப் பின்னால் போனாள். இரண்டு பெண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத டிரைவரைக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஆவடி போவுமாண்ணா?"

கட்டிய பெண்டாட்டி அண்ணா என்கிறாள். வேம்புலி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.