செலீனா வீட்டு ஓடுகள்

மன்னாரில் யாருக்காவது பழைய கல்லோ ஓடோ வேண்டுமென்றால் சிங்கராசாவைத் தேடுவார்கள். புது ஓடு கப்பலில் வரவேண்டிய காலம் அது; துரைமார் பங்களாவுக்குத்தான் கட்டுப்படியாகும். கைவிட்ட வீடு எங்கே இருக்கிறதென்று விசாரித்து, ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் காலத்து ஓடுகளை உடையாமல் இறக்கிக் கொண்டுவருவது சிங்கராசாவின் தொழில்.

இலுப்பைக்கடவைப் பக்கம் வாந்திபேதி வந்த ஆண்டு, அங்கே கடை வைத்திருந்த யாகப்பர் மன்னாருக்குத் தப்பி வந்தார். மனைவி செலீனாவைப் புதைத்துவிட்டு வந்ததாகச் சுவாமியாரிடம் அழுதார். தாழ்வுபாட்டில் ஓலைக்கூரையோடு இருந்த வேதக்கோயிலுக்குத் தன் வீட்டு ஓடுகளை அவள் பேரில் கொடுத்தார். அவர் வந்த நாலாம் நாளே சிங்கராசாவும் வள்ளக்காரர் கிறகரியும் ஓடு எடுக்கப் புறப்பட்டார்கள்.

ஊரில் ஆளரவம் இல்லை. யாகப்பர் வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. சிங்கராசா நேரே கூரையில் ஏறிப் பத்துப் பதினைந்து ஓடுகளைக் கழற்றினார். உள்ளே வெயில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு பெண் பாயில் கிடந்தாள். மெல்லக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் கிறகரி வள்ளத்துக்கு ஓடி அங்கேயே இருந்துவிட்டார். சிங்கராசா இறங்கிக் கதவைத் தள்ளினார். பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றில் அள்ளிவந்து, துணியில் நனைத்து அவள் வாயில் பிழிந்தார். அவளுக்குப் பேச்சு வரப் பின்னேரமாகிவிட்டது.

"ஓட்டைத் திரும்பப் போடுங்கோ. கண் கூசுது."

ஏறிப் போட்டுவிட்டு வந்தார்.

"அவரோ உங்களை அனுப்பினவர்?"

சிங்கராசா துணியை மறுபடி நனைத்தார். "ஓம். அவர்தான் அனுப்பினவர்."

"எனக்குத் தெரியும்," என்றாள் செலீனா.

அவள் அடுப்பிலேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் அவள் மூச்சு நின்றது. தனியாகவே குழி தோண்டிப் புதைத்து, தெரிந்த செபத்தைச் சொன்னார். பிறகு முற்றத்தில் நெடுநேரம் நின்றார். கோயிலுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கூரையில் ஏறி, போட்ட ஓடுகளையே மறுபடி கழற்றினார். அன்றைக்குப் போல் அவர் கை என்றும் தவறியதில்லை, நிறைய உடைந்தது. மிஞ்சியதைக் கிறகரி தொட மறுத்ததால் தானே சுமந்து வள்ளத்தில் ஏற்றினார்.

மன்னார்க் கரையில் யாகப்பர் நின்றிருந்தார். ஓடு பழுதில்லாமல் வந்ததா என்று கேட்டார்.

"உங்கடை மனிசி முந்தநாள் விடியத்தான் செத்தவ," என்றார் சிங்கராசா. "நீங்கள் என்னை அனுப்பினதாச் சொன்னனான். நம்பினவ."

யாகப்பர் மணலில் குந்திவிட்டார். தான் புறப்படும்போது அவள் கை குளிர்ந்து கிடந்தது, பயத்தில் ஓடி வந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிங்கராசா ஓடுகளை வண்டியில் அடுக்கினார்.

சுவாமியாரிடமும் சிங்கராசா இதைச் சொல்லவில்லை. கோயில் வேயப்பட்டது. திருநாளன்று யாகப்பர் உள்ளே போகாமல் வெளி மணலில் முழங்காலில் நின்றார். ஆட்கள் அதைப் பக்தி என்றார்கள்.

அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் சிங்கராசா வீடுகள் பிரித்தார். எந்தக் கூரையில் ஏறுமுன்னும் கதவைத் திறந்து, ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்ப்பார். ஏனென்று மனைவி மார்த்தா ஒருமுறை கேட்டாள். பாம்பு கிடக்கும் என்றார்.